வளைவிலிருந்து வரும் குரல்

அனாகிளெத்தோ முரீயோ பள்ளிக்கூடம் போனது நாலு வருஷம். அதற்குப் பிறகு அவர் விடாமல் படித்தது ஒரே ஒரு கம்பத்தைத்தான். ஊலுவா ஆறு மலையை விட்டு இறங்கித் திரும்புகிற இடத்தில் அது நின்றது. கீழே பச்சை, நடுவில் மஞ்சள், மேலே சிவப்பு. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. மழைக்காலம் வந்துவிட்டால் மணிக்கு ஒரு தடவை சேற்றில் இறங்கி, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, நோட்டில் பென்சிலால் எழுதி, குடிசைக்கு வந்து ரேடியோவில் சொல்ல வேண்டும். சம்பளம் கிடையாது. நகராட்சி ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டும் கொடுத்தது. பூட்ஸ் ஒரு அளவு சின்னது. அதைப் போட்டுக்கொண்டே பதினெட்டு மழைக்காலம் ஓட்டினார்.

அவருடைய ஊரான லாஸ் கார்சாஸ் வளைவிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் கீழே, கரைக்கு உள்பக்கம், ஆற்றைவிடப் பள்ளத்தில் இருந்தது. வாழையும் மக்காச்சோளமும் பன்றியும் வைத்துப் பிழைக்கிற நூற்று நாற்பது பேர். அவர்களுக்கு அவர் தோன் கிளெத்தோ, அதாவது கிளெத்தோ ஐயா. வளைவில் தண்ணீர் சிவப்பைத் தொட்டால் இரண்டரை மணி நேரத்தில் அது ஊருக்கு வந்துவிடும். நெடுஞ்சாலை மேட்டுக்குப் போக அவ்வளவு நேரம் தாராளம். எல்லாம் அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தையில் இருந்தது.

ஊரில் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொள்கிற ஆள் அவருடைய மகள் தூனியா. கல்யாணம் ஆகி, புருஷன் வேலை தேடி வடக்கே போனவன் போனவன்தான். அவள் கீழ்க்கோடி வீட்டில் தனியாக இருந்தாள். பொதுக்கூடத்து ரேடியோவின் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும்.

"கார்சாஸ், கார்சாஸ். வளைவு பேசுது. ரெண்டு மீட்டர் நாப்பது. பச்சை."

"கேட்டுச்சு வளைவு. ரெண்டு நாப்பது, பச்சை. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"அளவைக் குறிச்சியா?"

"அதெல்லாம் குறிச்சாச்சு. என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டேன்."

"பீன்ஸ்."

"நேத்தும் பீன்ஸ். முந்தாநாளும் பீன்ஸ். ஆறு ஏறுதோ இல்லியோ, உங்க வயித்துல காத்து ஏறப்போகுது அப்பா."

நகராட்சியில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எஞ்சினியர் ஒசோர்த்தோ குறுக்கே வருவார். வெள்ள வேலைக்கென்று நகராட்சி வைத்திருந்த ஒரே மனிதர் அவர். "இது அவசரத்துக்கான அலைவரிசைங்க. தயவுசெஞ்சு..."

"மன்னிச்சுக்கங்க எஞ்சினியர்," என்பாள் தூனியா. "நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு ரேடியோவை அணைத்துவிடுவார்.

ஊரே ஒரு குரலுக்குக் கட்டுப்பட்டது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, "கரை உடைஞ்சிருச்சு! ஓடுங்க!" என்று ஒரு சத்தம். சட்டை போடாதவன் போடாதபடியே மேட்டுக்கு ஓடினான். மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால் கரை கல்லுமாதிரி நின்றுகொண்டிருக்கிறது. பன்றிகள் பதினெட்டைக் காணோம். கிழவி திரான்சித்தோ வீட்டு டிவியும் போய்விட்டது. அந்தக் கிழவி அன்றிலிருந்து கடவுளோடு பேசுவதில்லை என்று சொல்வார்கள்.

கத்தியது யார் என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்த வாரம் நாவூன் என்கிற ஊர்க்காரன் பட்டணத்தில் இரண்டு பன்றி விற்றான். தன்னுடையதுதான் என்றான். இருக்கலாம். அவனுக்கு எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற பழக்கம். அதனாலேயே ஒருத்தரும் நம்பவில்லை. அடிக்கவில்லை, போலீஸுக்கும் போகவில்லை. கடையில் அவன் வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். ஒரு வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு, வளைவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தில் வாழை போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த மழைக்கு முன்னால் ஒசோர்த்தோ ஊருக்கு வந்தார். வெள்ளத் திட்டம் எழுத வேண்டும், எந்த வீடு பள்ளம், எந்த வழியில் வெளியேறுவது, யார் யாருக்குச் சொல்வது. மேஜைமேல் வரைபடத்தை விரித்தார். எல்லாரும் பன்றியைப் பற்றியே பேசினார்கள். அப்போது எழுந்து நின்றவர் அனாகிளெத்தோதான்.

"ஒண்ணே ஒண்ணு எழுதிக்கங்க எஞ்சினியர். கண்டவன் கத்தினா யாரும் நகரக் கூடாது. கம்பத்தைப் பாக்கிறவன் வாயால சொன்னாத்தான் ஊர் கிளம்பணும். பாதிரியார் சொன்னாலும் கூடாது."

"மேயர் சொன்னா?" என்று ஒருவன் கேட்டான்.

"மேயர் சொல்றதை நீ என்னிக்குடா நம்பியிருக்க?"

கூடமே சிரித்தது. கை தட்டினார்கள். ஒசோர்த்தோ அதைத் திட்டத்தில் எழுதிக்கொண்டார். பக்கத்து ஊர்கள்கூட அதைப் பார்த்து எழுதிக்கொண்டன. அனாகிளெத்தோவுக்குத் தலைகால் புரியவில்லை.

எழுதினால் போதுமா? பழக வேண்டாமா? வருஷத்துக்கு ஒருநாள் ஒத்திகை நடக்கும். இரண்டு பகுதி. முதல் பகுதியில் வளைவிலிருந்து அனாகிளெத்தோ "சிவப்பு, கிளம்புங்க" என்பார். ஊர் கிளம்பும். ஒசோர்த்தோ கடிகாரத்தைப் பார்ப்பார். இரண்டாவது பகுதிதான் வேடிக்கை. நகராட்சி ஆள் ஒருவன் தெருவில் "வெள்ளம், வெள்ளம்!" என்று கத்திக்கொண்டு ஓடுவான். ஊர் நகரக் கூடாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அவனைக் கிண்டல் பண்ணுவார்கள். "தம்பி, மூச்சு வாங்குது பாரு, ஒரு காப்பி குடிச்சிட்டுக் கத்து!" ஒரு வருஷம் அழுதுகொண்டு ஓடுகிற ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அப்போதும் ஒருவரும் அசையவில்லை. தூனியா கூடத்து வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அப்பா சொல்லல. உக்காருங்க எல்லாரும்." அந்த வருஷம் நகராட்சி அவளுக்கு ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று கொடுத்தது. முதுகில் பெரிய எழுத்து. துவைத்துத் துவைத்து எழுத்து போனபிறகும் அதைத்தான் போட்டுக்கொள்வாள்.

ஆக, நகராமல் இருக்கவும் ஊர் பத்து வருஷம் பழகியிருந்தது.

அந்த நவம்பரில் புயல் கடலோரத்திலேயே உட்கார்ந்துகொண்டது. எட்டு நாள் வெயில் இல்லை. வளைவுக் குடிசையின் ரேடியோ ஓடுவது கூரைமேல் இருந்த சூரியத் தகட்டில். அதற்குக் கீழே ஒரு பழைய பேட்டரி. புதுசு கேட்டு மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. வரும் என்றார்கள். அனாகிளெத்தோ மணிக்கு ஒரு நிமிஷம் மட்டும் ரேடியோவைப் போட்டு, மற்ற நேரம் அணைத்து வைத்தார். பதினோரு மணிக்கு மூன்று தொண்ணூறு, மஞ்சள் என்று சொன்னார். தூனியா, "கேட்டுச்சு. சூடா ஏதாவது..." என்று ஆரம்பித்தாள். அதோடு ரேடியோவின் விளக்கு அணைந்தது.

பன்னிரண்டு மணிக்குப் போட்டார். செத்திருந்தது. கைபேசியில் காலையிலிருந்தே சிக்னல் இல்லை. கம்பத்துக்கு ஓடினார், நாலு நாற்பது. திரும்பி வந்து பேட்டரியைத் தட்டினார், கம்பிகளைச் சுரண்டினார், துணியில் சுற்றி அடுப்புப் பக்கத்தில் சூடு காட்டினார். ஒருமணிக்கு நாலு எண்பது. சிவப்பு. ஆறு பழுப்பாக இல்லை, கறுப்பாக வந்துகொண்டிருந்தது. ஒரு மாடு கால்கள் மேலே இருக்கப் போயிற்று.

நாவூன் அப்போதுதான் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனுடைய வாழை மூழ்கிவிட்டது.

"தோன் கிளெத்தோ, போகலாம். இங்க நிக்க முடியாது."

"நாவூன், கார்சாஸுக்குப் போ. கரைமேலயே போ. அரைமணியில போயிடலாம். சிவப்புன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

நாவூன் அவரைப் பார்த்தான். சிரிக்கவில்லை. "நானா? நான் போய்ச் சொன்னா யாரு கேப்பாங்க? நீங்க பின்னால ஏறுங்க."

இந்த இடம்தான். இதற்கு அப்பால் அனாகிளெத்தோ வாழ்க்கையில் எத்தனையோ தடவை அந்தப் பின்சீட்டை மனசுக்குள் பார்த்தார். கிழிந்து, பஞ்சு வெளியே தெரிகிற சீட்டு. ஏறியிருக்கலாம். ஆனால் கம்பம் பார்க்கிறவன் இடத்தை விடக் கூடாது என்பதும் திட்டத்தில் இருந்தது. பேட்டரி ஒரு நிமிஷம் உயிர் வந்தால் போதும், நகராட்சிக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம், கீழே இன்னும் ஆறு ஊர் இருக்கிறது என்று நினைத்தார். நியாயமான நினைப்புத்தான்.

"நான் இங்க இருக்கணும். நீ போ. என் பேரைச் சொல்லு, தூனியா புரிஞ்சுக்குவா."

நாவூன் போனான். நோட்டு அவர் கக்கத்தில் இருந்தது. பென்சில் காதில் இருந்தது.

பேட்டரிக்கு உயிர் வரவே இல்லை. மூன்றரை மணிக்குக் கம்பம் தண்ணீருக்குள் போனது. அவர் மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இந்நேரம் எல்லாரும் நெடுஞ்சாலையில் இருப்பார்கள், தூனியா தலை எண்ணிக்கொண்டிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

கார்சாஸில் நடந்ததை மூன்றாம் நாள், நெடுஞ்சாலை ஓரத்துப் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே, திரான்சித்தோ சொன்னாள். தூனியாவையும் சேர்த்து ஏழு பேர் வெள்ளத்தோடு போயிருந்தார்கள். அவள் உடல் வாழைத் தோட்டத்து வேலியில் கிடைத்தது. ஆரஞ்சுச் சட்டையை வைத்துத்தான் தெரிந்ததாம்.

"அவன் சேத்துல உருண்டு வந்தான் தோன் கிளெத்தோ. தெருத்தெருவா கத்தினான். நாங்க வாசல்ல நின்னோம். எம் பன்னியெல்லாம் எங்கடா வித்தேன்னு நான்தான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான் கேட்டேன்." கிழவி முகத்தை அப்புறம் திருப்பிக்கொண்டாள். "உங்க பொண்ணு சிரிக்கல. அவன்கிட்ட கேட்டா, 'அப்பா எதையும் எழுதித்தான் வைப்பாரு. சீட்டு எங்க?'ன்னு. அவன் இல்லேன்னான். அவ ரேடியோவைப் போட்டு உங்களைக் கூப்பிட்டா. கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. பதில் இல்ல. வெளிய வந்து சொன்னா, 'அப்பா சொல்லல. பொறுங்க'ன்னு."

அனாகிளெத்தோ தன் காதில் இருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தார். அது இன்னும் அங்கேயே இருந்தது.

"பாதிப்பேர் கிளம்பினாங்க. பயந்தவங்க. மீதிப்பேர் அவ சொன்னான்னு இருந்தோம். கரைமேல தண்ணி எட்டிப் பாத்ததை அவதான் முதல்ல பாத்தா. மேட்டுப்பக்கம் ஓடியிருக்கலாம். பள்ளத்துப்பக்கம் ஓடினா. கதவு கதவா அடிச்சா. 'என் தப்பு, என் தப்பு, போங்க'ன்னு கத்திக்கிட்டே போனா."

நாவூன் கூட்டத்துக்கு வெளியே, லாரி டயரில் உட்கார்ந்திருந்தான். மூன்று பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து இழுத்தவன் அவன். கை முழுக்க வேலிக்கம்பிக் கீறல். அனாகிளெத்தோ அவன் முன்னால் போய் நின்றார்.

"எப்படிடா சொன்ன? ஒழுங்கா சொன்னியா? சிரிச்சியா?"

"இல்ல தோன் கிளெத்தோ." அவன் நிமிரவில்லை. "அழுதுக்கிட்டே சொன்னேன். அழுதா, இந்தத் தடவை நல்லாவே நடிக்கிறான்னு சொன்னாங்க."

அவனை அடிக்கத்தான் போனார். பக்கத்தில் இருந்தவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். அவன் பக்கத்திலேயே அந்த டயரில் உட்கார்ந்துவிட்டார். இருட்டும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.

மார்ச்சில் நகராட்சியில் கூட்டம். புதுத் திட்டம். முதல் பக்கத்தில் ஏழு பெயர்களை அச்சடித்திருந்தார்கள். ஒசோர்த்தோ இளைத்துப்போயிருந்தார். இனி இரண்டு பேட்டரி, கூடவே தனியாக ஒரு செயற்கைக்கோள் போன், கரைக்கு மண் என்று ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசியில், "ஒரே குரல் விதி அப்படியே இருக்கும். அது தப்பில்ல. பேட்டரிதான் தப்பு. அந்த விதி இல்லாம இருந்திருந்தா, மத்த வருஷங்கள்ல..." என்று நிறுத்திக்கொண்டார்.

"அந்த வரியை எடுங்க," என்றார் அனாகிளெத்தோ.

"தோன் அனாகிளெத்தோ, அது நீங்க சொன்னது."

"நான் சொன்னதுதான். அதனாலதான் எடுக்கச் சொல்றேன். எவன் கத்தினாலும் ஓடணும்னு எழுதுங்க. நாய் குரைச்சாக்கூட ஓடணும். பன்னி போனா போகட்டும்."

திரான்சித்தோ எழுந்தாள். இப்போது ரேடியோ சாவி அவளிடம். வேறு யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. "இந்த வருஷம்தான் நாலு குட்டி வாங்கியிருக்கோம். மாசத்துக்கு மூணு தடவை எவனாவது கத்துவான், மூணு தடவையும் ஓடுவோம், நாலாவது தடவை ஒருத்தரும் ஓடமாட்டோம். எங்களை எங்களுக்குத் தெரியாதா? உங்க குரல் கேட்டாத்தான் எங்க கால் நகரும். நான் வேற என்ன சொல்ல?"

கை தூக்கச் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் எச்சரிக்கலாம், ஆனால் வளைவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. கிட்டத்தட்ட எல்லாக் கையும் உயர்ந்தது. வாழை போனபிறகு ஊருக்கே திரும்பிவிட்ட நாவூன் கடைசி பெஞ்சில் இருந்தான், அவனிடம் யாரும் கேட்கவில்லை. அனாகிளெத்தோ கையைத் தூக்கவில்லை. இந்த வருஷத்தோடு கம்பத்துக்கு வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். ஒசோர்த்தோ பார்த்தார். ஒருத்தரும் கிடைக்கவில்லை. பெயர் சொன்ன இரண்டு பேரையும் ஊர் வேண்டாம் என்றது.

ஆகவே அக்டோபரில், பத்தொன்பதாவது மழைக்காலத்தில், மறுபடியும் அவர் அந்த பூட்ஸுக்குள் காலை நுழைத்தார்.

மழை ஆறு நாளாகப் பெய்துகொண்டிருந்தது. ஆறு ஏறியது, ஆனால் மோசமில்லை. ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நாலு பத்து, மஞ்சள் என்று சொல்லி முடித்து அரைமணி ஆகியிருக்கும். ரேடியோ தானாகக் கூப்பிட்டது.

"வளைவு, வளைவு. கார்சாஸ். தோன் கிளெத்தோ, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நாவூன் இங்க வந்து நிக்கிறான். கீழ்க்கோடியில கரைக்கு இந்தப்பக்கம் மண்ணோட தண்ணி கொப்புளிக்குதாம். கரை போயிடும்னு தெருவெல்லாம் கத்திட்டு வந்திருக்கான். எல்லாரும் வாசல்லதான் நிக்கிறாங்க. உண்மையா?"

ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் கரைக்குப் பின்னால் மண் கொப்புளிக்கிறதா இல்லையா என்று வளைவில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? ஜன்னல் வழியாகக் கம்பம் தெரிந்தது. தண்ணீர் மஞ்சளில்தான் நின்றது. பதினெட்டு வருஷமாக, பார்க்காத ஒன்றை அவர் ரேடியோவில் சொன்னதே இல்லை.

"நீங்கதான் போய்ப் பாருங்களேன்," என்றார்.

"என் கால்ல நான் எங்க போய்ப் பாக்கிறது? நீங்க சொல்லுங்க. ஆமாவா இல்லியா?"

பின்னால் நாவூனின் குரல் கேட்டது. தொண்டை கட்டிப்போயிருந்தது. என்ன சொல்கிறான் என்று புரியவில்லை. யாரோ ஒருவன் அவனை ஏதோ கேட்டான். யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அனாகிளெத்தோ பொத்தானை அழுத்தினார்.

"சிவப்பு. கார்சாஸ், கேக்குதா? சிவப்பு. கிளம்புங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"என் கண்ணால பாத்தேன். நாலு தொண்ணூறு. கிளம்புங்க திரான்சித்தோ, பேசிக்கிட்டு நிக்காதீங்க!"

"கேட்டுச்சு," என்றாள் கிழவி. அவள் வெளியே போய்க் கத்துவது ரேடியோவிலேயே கேட்டது. "அவரே சொல்லிட்டாரு! கிளம்புங்க!" உடனே நாற்காலிகள் இழுபடுகிற சத்தம், பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தம், பன்றிகளின் அலறல். பிறகு யாரோ ரேடியோவை அணைத்துவிட்டார்கள்.

நாலேகாலுக்குக் கரை கீழ்க்கோடியில் உடைந்தது. ஐந்து மணிக்கு ஒசோர்த்தோ நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிட்டார்.

"எல்லாரும் வந்தாச்சு தோன் அனாகிளெத்தோ. ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"எல்லாருமா?"

"எல்லாரும். அந்தக் கிழவியை நாவூன் முதுகுல தூக்கிட்டு வந்தான்." அவர் குரலில் அழுகையும் சந்தோஷமும் கலந்திருந்தது. "ஒரு விஷயம். நாலு தொண்ணூறுன்னு சொன்னீங்களாம். மேல பாலத்துல அவ்வளவு ஏறலியே. எத்தனை மணிக்குப் பாத்தீங்க?"

"பாக்கல."

"அப்புறம் எப்படிச் சொன்னீங்க?"

"நாவூன் சொன்னான்," என்றார் அனாகிளெத்தோ.

ஒசோர்த்தோ வேறு எதுவும் கேட்கவில்லை.

மணி ஆகிவிட்டது. அனாகிளெத்தோ சேற்றில் இறங்கிக் கம்பத்தைப் பார்த்தார். நாலு இருபது. நோட்டில் எழுதினார். மூன்றரை மணிக்குச் சொன்ன நாலு தொண்ணூறை எழுதாமல் விட்டிருந்தார். அதை அப்படியே விட்டார். குடிசைக்கு வந்து பொத்தானை அழுத்தினார்.

"கார்சாஸ், கார்சாஸ். வளைவு பேசுது. நாலு இருபது. மஞ்சள்."

விரலை எடுத்தார். கார்சாஸில் ஒருவரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். பொதுக்கூடத்துக்குள் இந்நேரம் தண்ணீர் மேஜை உயரத்துக்கு வந்திருக்கும். ஆனாலும் பதில் வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், ரேடியோவுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.